பாதிச் சிறகு வரை வெள்ளை

டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு டெஸ் ஹக்கபி என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. என் குற்றம் அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

ஹார்ல்டன் நீர்த்தேக்கத்தின் வடகரையில் எங்கள் பறவைச் சங்கத்துக்கு ஒரு மரக்கொட்டகை இருக்கிறது. தண்ணீர்ப் பக்கம் முழுக்க நீளமான பலகைச் சன்னல்கள். திறந்தால் காற்று நேராகக் காதுக்குள் வந்து உட்காரும். உறுப்பினர்கள் நாற்பது பேருக்கும் பூட்டின் எண் தெரியும், ஆனால் குளிர்காலத்தில் வார நாட்களில் வருவது மூன்றே பேர். டெஸ், கீத், நான். மற்றவர்கள் எல்லாம் அபூர்வப் பறவை வந்தது என்று செய்தி பரவினால் மட்டும் கண்ணில் படுகிறவர்கள்.

நான் இருபத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவள். முன்னால், பின்னால், கண்ணாடியில், படிக்கட்டில் என்று எல்லாப் பக்கமும் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனேன். ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினேன். ஒரே ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரே ஒரு பறவை, வெளியே என்ன நடந்தாலும் எனக்கென்ன. அந்தச் சுகம் எனக்குப் பிடித்துவிட்டது. என் படங்கள் சங்கத்தின் நாள்காட்டியில் வருடாவருடம் வரும். பறவையை அடையாளம் சொல்வதில் பெரிய கெட்டிக்காரி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டெஸ் அதற்கு நேர் எதிர். கொதிகலன் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கேமராவே கிடையாது. கறுப்பு டேப் சுற்றிய பழைய தொலைநோக்கி ஒன்று, ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். முப்பத்தோரு குளிர்காலம், அணைக்கட்டின் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வாத்தாக எண்ணி எழுதியவர். நாமக்கோழி இருநூற்றுப் பதினாறு என்று அவர் எழுதினால் இருநூற்றுப் பதினாறுதான். ரஷ்யாவிலிருந்து, ஐஸ்லாந்திலிருந்து வந்து இறங்குகிற வாத்துகளுக்கெல்லாம் வருகைப் பதிவு எடுக்கிற ஆசிரியர் மாதிரி அங்கே உட்கார்ந்திருப்பார்.

அவர் ஒரே ஒரு தடவை சறுக்கினார். ஆறு வருடம் முன்னால், மூடுபனிக் காலையில், வடகடலிலிருந்து எப்போதாவது வழிதவறி வரும் பெரிய முக்குளிப்பான் ஒன்று மிதக்கிறது என்று எல்லோருக்கும் போன் செய்துவிட்டார். பனி விலகினால் அது எண்ணெய்க் கேன். பத்தே நிமிடத்தில் அவரே திரும்ப எல்லோருக்கும் போன் செய்து, தப்பாகச் சொல்லிவிட்டேன், அது கேன், மன்னிக்கவும் என்றார். அந்தப் பத்து நிமிட நேர்மையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. கேன் மட்டும் நின்றுவிட்டது.

"டெஸ், இன்னிக்கு கேன் கூட்டமா வந்துச்சா, ஜோடியா வந்துச்சா?" என்பான் கீத், கொட்டகைக்குள் நுழையும்போதே.

"ஒத்தையா உன்னத்தான் பாக்குறேன்" என்பார் டெஸ். நாங்கள் சிரிப்போம். ஆறு வருடம் சிரித்தோம்.

அந்த டிசம்பர் காலை கரையோரம் மெல்லிய பனிக்கட்டி. மூன்று நாளாக ஒரு ஸ்மியூ ஆண் வந்திருந்தது. சின்ன வாத்து, உடம்பெல்லாம் பால் வெள்ளை, அதில் பேனாவால் கீறியது மாதிரி கறுப்புக் கோடுகள். எங்கள் பக்கம் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். அது எனக்கு நேராக நாற்பது மீட்டரில், வெயில் விழும் இடத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவில் முகத்தைப் புதைத்திருந்தேன். என் கேமரா விநாடிக்கு இருபது படம் எடுக்கும்.

"கிளெனிஸ், இங்க வா. இதக் கொஞ்சம் பாரு." டெஸ் எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிமிசம் டெஸ்."

"குடுமி வாத்துக் கூட்டத்துல ஒண்ணு வேற மாதிரி இருக்கு. முதுகு சாம்பல். தலைக்குப் பின்னால ஒரு மேடு. நீயும் பாத்துட்டா நல்லது."

"ஒரு நிமிசம்னு சொன்னேன்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மாறியிருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "எந்திரிச்சு சிறக அடிச்சுது கிளெனிஸ். வெள்ள பாதியிலயே நின்னுருச்சு. பாதிக்கு மேல வெறும் சாம்பல்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாதாரணக் குடுமி வாத்து சிறகை விரித்தால் வெள்ளைப் பட்டை நுனி வரை ஓடும். பாதியில் நின்றால் அது அமெரிக்காவின் சின்ன கருந்தலை வாத்து. அட்லாண்டிக்கைத் தாண்டி வழிதவறி வர வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அதுவரை ஒன்றுகூட வந்ததாகப் பதிவு கிடையாது. தெரிந்தும் நான் "ம்" என்றேன். ஸ்மியூ அப்போதுதான் வெயிலுக்குள் நுழைந்திருந்தது.

நான் எழுந்து போனபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். இருநூறு வாத்துகள், எல்லாம் தலையை முதுகுக்குள் செருகிக்கொண்டு தூங்கின.

"எது டெஸ்?"

"அந்த மிதவைக்கு இடது பக்கம், மூணாவது. இரு, நகந்துருச்சு. நாலாவது."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"இருந்துச்சு கிளெனிஸ்."

"இருந்திருக்கும்" என்றேன், குழந்தையிடம் சொல்வது மாதிரி. கால் மணி நேரத்தில் மேற்கிலிருந்து மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

டெஸ் செய்தி சொன்னார். சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள், சிலர் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள். மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கிடைக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கீத் கேன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கொட்டகையின் பதிவேட்டில் டெஸ் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் அழகாக ஒரு கேன் படமும் வரைந்து வைத்தான்.

இப்படி ஒருவர் மட்டும் பார்த்த அபூர்வப் பறவையை எங்கள் ஊரில் அப்படியே சங்கத்தின் ஆண்டறிக்கைப் புத்தகத்தில் ஏற்றிவிட மாட்டார்கள். பார்த்தவர் விவரமாக எழுதித் தர வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு அதைப் படித்து முடிவு சொல்லும். குழுவின் செயலாளர் ட்ரெவர். நில அளவை வேலை பார்ப்பவன், வாத்தையும் அளவெடுத்துத்தான் நம்புவான். இன்னொருவன் கீத். மூன்றாவது ஆள் நான். என் அறிவுக்காக என்னைச் சேர்க்கவில்லை, குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும் என்று சேர்த்தார்கள்.

ஜனவரியில் ட்ரெவர் வீட்டு முன்னறையில் கூடினோம். டெஸ்ஸின் கடிதத்தை எங்கள் மூன்று பேருக்கும் நகல் எடுத்து வைத்திருந்தான். ஒன்றரைப் பக்கம். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. நேரம், தூரம், வெளிச்சம், தலையின் மேடு, அலகு நுனியின் சின்னக் கறுப்பு, சிறகு. கடைசியில் ஒரு வரி: "கிளெனிஸ் உடன் இருந்தாள், அந்நேரம் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்." கூப்பிட்டும் வரவில்லை என்று அவர் எழுதவில்லை. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

"விவரம் எல்லாம் கச்சிதமா இருக்கு" என்றான் ட்ரெவர். "ரொம்பக் கச்சிதமா இருக்கு. புத்தகத்த வச்சுக்கிட்டு எழுதுன மாதிரி."

"கேனையும் இப்படித்தான் விவரமா சொன்னாரு" என்றான் கீத், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே.

ட்ரெவர் என் பக்கம் திரும்பினான். "நீங்க அங்க இருந்தீங்கல்ல. எவ்வளவு பக்கத்துல?"

"நாலடி."

"வெளிச்சம் நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்படி ஒரு பறவை உங்க கண்ணுல பட்டுச்சா?"

"நான் அங்கதான் இருந்தேன். அப்படி எதையும் நான் பாக்கல" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்து அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குக்கூடப் போனேன். அவர் கூப்பிட்டார், நான் போகவில்லை என்று சேர்த்துச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை எனக்கே காரணம் கற்பித்துப் பார்த்தேன். வெட்கம், தயக்கம், கேட்கவில்லையே என்பது. எல்லாம் சப்பைக்கட்டு. மாவட்டத்தின் முதல் பறவை டெஸ்ஸுக்குக் கிடைப்பதில் எனக்கு விருப்பமில்லை. பொறாமை என்பதற்கு நாகரிகமான பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது.

மூன்றுக்கு மூன்று, நிராகரித்தோம். சாதாரணக் கலப்பு வாத்தாக இருக்கலாம் என்று ட்ரெவர் கடிதம் எழுதினான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இல்லாததைப் பார்த்ததாகச் சொல்கிறார் என்று சந்தேகம் வந்துவிட்டால், அவர் தனியாகப் பார்த்துச் சொன்ன பழையவற்றையும் தோண்டுவார்கள். முப்பத்தோரு வருடத்தில் டெஸ் தனியாகப் பார்த்தவை முப்பத்தெட்டு. முப்பத்தெட்டையும் மறுபரிசீலனைக்கு எடுப்பதாக அதே கடிதத்தில் ட்ரெவர் ஒரு பத்தி சேர்த்திருந்தான்.

கடிதம் போன மறுநாள் கொட்டகையில் நானும் டெஸ்ஸும் மட்டும் இருந்தோம். அவர் எண்ணுவதை முடிக்கும்வரை பேசவில்லை. நோட்டை மூடிய பிறகு கேட்டார்.

"நீ என்ன சொன்ன கிளெனிஸ்?"

"பாக்கலன்னு சொன்னேன். நான் பாக்கல தான டெஸ்?"

"நான் கூப்பிட்டேன்னு சொன்னியா?"

தண்ணீரைப் பார்த்தேன். "அவங்க கேக்கல."

"சரி" என்றார். தொலைநோக்கியின் மூடியைப் போட்டார், முக்காலியை மடக்கினார், தோளில் வைத்தார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அதற்குப் பிறகு அவர் அங்கே வரவில்லை.

ஒரு வாரத்தில் ட்ரெவருக்கு இரண்டு வரியில் கடிதம் வந்தது. என் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும் திரும்பப் பெறுகிறேன். இனி எந்த அறிக்கையிலும் என் பெயர் வர வேண்டாம்.

"பாத்தீங்களா, தானே ஒத்துக்கிட்டாரு" என்றான் ட்ரெவர். மறுபரிசீலனை வேலை மிச்சம் என்று அவனுக்கு மகிழ்ச்சி. முப்பத்தெட்டையும் ஒரே கோடாக அடித்தான். அதில் நீர்த்தேக்கத்தில் முதல் முதலாகக் கூடு கட்டிய முக்குளிப்பானும் போயிற்று. அதன் குஞ்சுகளை நானே பார்த்திருக்கிறேன்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு மழை நாள். அடுத்த நாள்காட்டிக்குப் படம் கேட்டிருந்தார்கள். சமையலறை மேசையில் கணினியை வைத்து, அந்த டிசம்பர் காலையில் எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் படங்கள். அதில் பத்தைத் தவிர மற்றதை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஸ்மியூ இடது பக்கம் திரும்பிய படம் ஒன்று வேண்டியிருந்தது.

கிடைத்தது. படத்தின் வலது மேல் மூலையில், தள்ளி, மங்கலாக, ஒரு வாத்து தண்ணீர்மேல் எழுந்து நின்றுகொண்டிருந்தது. பெரிதாக்கினேன். அடுத்த படத்தில் சிறகு விரிந்திருந்தது. அதற்கடுத்ததிலும். வெள்ளைப் பட்டை உடம்பருகில் தொடங்கிப் பாதிச் சிறகு வரை வந்து, அதோடு நின்று, மேலே வெறும் சாம்பல். மூன்று படத்திலும் அப்படியே. நேரம் ஒன்பது பதினேழு.

எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தேன், அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. பாதகி, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த மனுஷன் சொன்னதை உன் கேமராகூடக் கேட்டிருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அழுகை வந்தது. அழுத கையோடு கோட்டை மாட்டிக்கொண்டு டெஸ் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒன்பது நாள் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். சொன்னால் குழுவில் நான் சொன்ன வாக்கியம் வெளியே வரும், கீத் எனக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பான். இப்படியெல்லாம் ஒன்பது நாள் யோசித்தேன்.

பத்தாவது நாள் மூன்று படத்தையும் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி மாரீன்.

"வா கண்ணு. ஆளையே காணோமே. மாடில சுவர் சுரண்டிக்கிட்டு இருக்காரு. நோட்டெல்லாம் அடுக்கி வச்சிருந்த ரூம காலி பண்ணியாச்சு, பேத்தி வந்தா படுக்கலாம்னு."

"நோட்டெல்லாம் எங்க மாரீன்?"

"பழைய பேப்பர் வண்டில போட்டுட்டாரு. போன மாசமே. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா சொன்னா கேக்குற ஆளா?"

படிக்கட்டில் ஏறினேன். முப்பத்தோரு குளிர்காலம். எத்தனை வாத்து, எந்தக் காற்று, எந்த நாளில் பனி உறைந்தது, எல்லாம்.

டெஸ் சின்ன ஏணியில் நின்று பழைய சுவர்த்தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இறங்கினார். நான் படங்களை நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

ரொம்ப நேரம் பார்த்தார். "இதுதான்" என்றார். பிறகு, ஒரு விநாடி எல்லாம் மறந்த மாதிரி, "அழகா இருக்குல்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நல்லவேளை, அது நிலைக்கவும் இல்லை.

"இத எப்பப் பாத்த?"

"போன வாரம்."

"எந்த நாள்?"

"ஒம்பது நாள் ஆச்சு டெஸ்."

"ஒம்பது நாள்" என்றார். படங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டி நேராக்கி, என் கையில் கொடுத்தார்.

"நான் இன்னிக்கே ட்ரெவர்கிட்ட போறேன். எல்லாத்தையும் சொல்லிடுறேன். உங்க பேரு திரும்ப வரும்."

"வராது. என் பேர எங்கயாச்சும் போட்டீங்கன்னா, அன்னிக்கு நான் அணைப் பக்கமே வரலன்னு எழுதிக் குடுத்துருவேன்."

"அப்ப இத என்ன செய்யுறது?"

"உன் கேமரா. உன் படம். எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மன்னிச்சிருங்க டெஸ்."

சுரண்டியை எடுத்து விளிம்பைத் துணியில் துடைத்தார். "அந்த ஸ்மியூ நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. நாள்காட்டி அட்டைல போடப் போறாங்க."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

அங்கிருந்து நேராக ட்ரெவர் வீட்டுக்குத்தான் போனேன். அது மட்டும் நான் சொன்னபடி செய்தது. படங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான், புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தான்.

"டெஸ் சொன்னது சரி ட்ரெவர். அவரு என்னக் கூப்பிட்டாரு, நான் போகல. அத நான் அன்னிக்குச் சொல்லல."

"சரியோ தப்போ, அவரு வாபஸ் வாங்கிட்டாரு."

"திரும்பச் சேக்க முடியாதா?"

"அவரே வேண்டாங்குறாரு. மீறிச் சேத்தா, அடிச்ச முப்பத்தெட்டையும் எதுக்கு அடிச்சோம்னு நாலு பேரு கேப்பாங்க. அடிச்ச பட்டியல எல்லாருக்கும் அனுப்பியாச்சு." எழுந்து நடந்தான். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா நம்ம மாவட்டத்துக்கு முதல் பறவை. இத விடவும் முடியாது. படம் மட்டும்னா மூலைல மங்கலா இருக்கு, வெளியாளுங்க சண்டைக்கு வருவாங்க. யாராச்சும் நேர்ல பாத்திருக்கணும்."

"நான் பாக்கல."

"நீங்க அங்க இருந்தீங்க. கேமரா உங்க கைல இருந்துச்சு. அன்னிக்கு நீங்களும் பாத்திருக்கீங்க, ஏதோ கலப்பு வாத்துன்னு விட்டுட்டீங்க. இப்பப் படத்தப் பாத்ததும் தெளிஞ்சிருச்சு. இப்படித்தான நடந்துச்சு?"

அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். "பாத்தத உள்ளபடி எழுதிக் குடுங்க. அது போதும்."

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்டுபிடித்தவர் யார்? முதலில் இனத்தைச் சொன்னவர் யார்? எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? எவ்வளவு தூரத்தில்? வெறுமனே கிழித்துப் போட்டிருக்கலாம். டெஸ்ஸே பெயர் வேண்டாம் என்ற பிறகு பறவையாவது நிற்கட்டும், அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. எனக்கு அந்தப் பறவை வேண்டும். மாவட்டத்தின் முதல் பறவை, என் பெயரில்.

ஜனவரிக் கூட்டத்தில் ட்ரெவர் தந்த டெஸ்ஸின் கடித நகல் என்னிடம் இருந்தது. அதை மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பார்த்த நேரம் 9.14 முதல் 9.26 வரை. தூரம் அறுபது மீட்டர். தலையின் பின்மேடு. அலகு நுனியில் ஊசித்தலை அளவு கறுப்பு. சிறகடித்தபோது வெள்ளை பாதிச் சிறகு வரை வந்து நின்றது. ஒவ்வொரு வரியாக என் கையெழுத்தில் இறக்கினேன். உடன் இருந்தவர்கள் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதினேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னார் என்று டெஸ்மேல் நாங்கள் சுமத்திய, அவர் செய்யாத குற்றத்தை, நான் நல்ல பேனாவால், பிழையில்லாமல் செய்தேன்.

என் பதிவுக்கு நானே முடிவு சொல்ல முடியாது என்று என் இடத்தில் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து, ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். கீத் அந்த விவரத்தைப் படித்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தான். ஜனவரியில் அதே வாக்கியங்களைப் படித்தவன் அவன். தெரியாமல் இருக்க முடியாது. "நல்லா எழுதியிருக்க" என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு கொட்டகைக்குள் வரும்போது அவன் என்னை எந்தக் கேலியும் செய்வதில்லை.

அறிக்கை அக்டோபரில் வந்தது. முன் அட்டையில் நான் எடுத்த அந்தச் சிறகு விரித்த வாத்து. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். நான் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து என் பறவைப் பட்டியலில் இருநூற்று முப்பத்தேழாவதாக அதைச் சேர்த்தேன். அந்தப் பட்டியலில் நான் கண்ணால் பார்க்காத ஒரே பறவை அதுதான்.

நவம்பரில், சந்தையில் உருளைக்கிழங்கு வாங்க நின்ற வரிசையில் மாரீன் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். டெஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காரு. காலைல எட்டு மணி வரைக்கும் தூங்குறாரு. முப்பது வருசமா நான் பாக்காத கூத்து." பிறகு என் கையைத் தொட்டாள். "உங்க சங்கத்துப் புத்தகம் வந்துச்சு கண்ணு. சந்தாவ நிறுத்த மறந்துட்டேன். உன் பேரப் பாத்தேன்."

"அவரு படிச்சாரா?"

"ரெண்டு தடவ படிச்சாரு. ஒண்ணும் பேசல." அவள் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எனக்கு வாத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. போன வருசம் இவரும் இப்படி ஏதோ அமெரிக்க வாத்துன்னு சொல்லித்தான எல்லாரும் சிரிச்சீங்க? புத்தகத்துலயும் அதே நாள் தான் போட்டிருக்கு. அதான் அவரக் கேட்டேன், இது நீங்க சொன்ன வாத்து தானன்னு. இல்ல, அது வேறன்னுட்டாரு. என் மனசு ஆறல. நீ சொல்லு கிளெனிஸ். நீ கூடவே இருந்தவ. அவரு பாத்தது இதத்தான?"

வரிசை நகர்ந்தது. அவள் நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் அதை அவரிடம் சொல்வாள், அவர் மறுத்தாலும் அவளுக்காவது தெரிந்திருக்கும்.

"வேறன்னு டெஸ் சொன்னா, அது சரியாத்தான் இருக்கும்" என்றேன்.